கனடா தமிழில் பேசிய ஒரு மத்தியானம்

போன மாதம் ரொறன்ரோவை ஒட்டிய யூனியன்வில்லில் என் தம்பி சிவநேசன் வீட்டில் அவனுடைய பேத்தியின் பிறந்தநாள். சாப்பாடு முடிந்து ஆண்களெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டு நாட்டைத் திருத்த உட்கார்ந்தபோது தம்பி ஆரம்பித்தான். லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் அவனுக்கு முன்னால் நின்ற ஒரு தமிழ் மனுசிக்கு ஆங்கிலம் தெரியவில்லையாம். கவுண்டரில் இருந்த பெண் ஃபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடிக்கும்வரை வரிசை அசையவே இல்லையாம்.

“இந்த நாடு ஒரு சட்டம் போடவேணும்,” என்றான். “இங்கிலீஷ் மட்டும். வேற ஒண்டும் இல்லை. வாறவை படிச்சிட்டு வரட்டும். நாங்கள் படிக்கேல்லையோ? என்ர வரிக்காசில ஏன் உவைக்கெல்லாம் ஆள் பிடிச்சுக் குடுக்கவேணும்?”

“அப்ப பிரெஞ்சு?” என்று யாரோ கேட்டார்.

“அதைக் கியூபெக்கோட வைச்சிருக்கட்டும்.”

அப்போதுதான் நான் அங்கே இருப்பது அவனுக்கு நினைவு வந்தது. “அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் ரிட்டயர் பண்ணீட்டியள்தானே. இனி உந்த வேலைக்கு ஆளும் தேவையில்லை, உது இருக்கு,” என்று கையிலிருந்த ஃபோனைத் தூக்கிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாயாசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “அப்பாவை மறந்திட்டியோ?” என்று மட்டும் கேட்டேன்.

“அது வேற, இது வேற, அக்கா,” என்றான்.

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. பயத்தில் அல்ல, பழக்கத்தில். கால் நூற்றாண்டுக்கு மேல் நீதிமன்றங்களிலும் அகதி விசாரணைகளிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். சபையில் சொந்த அபிப்பிராயம் சொல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இனி நான் ‘நான்’ என்று சொன்னால் அது நான்தான். ஆகவே தம்பி, இதை நீ வாசிக்கவேண்டும். சண்டைக்கு வருவதென்றால் முழுவதையும் வாசித்துவிட்டு வா.

இந்த வேலைக்கு வந்தது பெரிய கதை அல்ல. கல்யாணம் கட்டி ஸ்காபரோவுக்கு வந்த புதிதில் அட்டைப்பெட்டி மடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நின்றேன். கூட வேலை செய்த பெண்கள் டொக்டரிடம் போவதென்றால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போய்ப் போய், ஒருநாள் ஒரு விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்து, சோதனை எழுதி, பயிற்சி எடுத்து, பெட்டி மடிப்பதை விட்டேன். அவ்வளவுதான்.

பயிற்சியில் முதலில் படித்த விதி இன்றைக்கும் என்னைச் சிரிக்கவைக்கும். சாட்சி ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. இதனால் என் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்தறியாத நான், சேலையும் சுவெட்டருமாக நின்று, “நான் குடித்திருந்தேன், ஆனால் வெறி இல்லை,” என்று ஸ்காபரோ நீதிமன்றத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். காலையில் நான் சிவப்பு விளக்கைத் தாண்டிக் கார் ஓட்டியிருப்பேன். மத்தியானம் என்னைப் பெண்சாதி வீட்டை விட்டுத் துரத்தியிருப்பாள். பின்னேரம் பஸ் ஏறி மோர்னிங்சைட் வீட்டுக்கு வந்து, ஒரு குற்றமும் செய்யாதவளாகக் கத்தரிக்காய் வெட்டுவேன். “இண்டைக்கு என்னவாம் செய்தனீர்?” என்று என் கணவர் கேட்பார். சொல்ல முடியாது. அதுவும் விதி.

இன்னொரு விதிதான் எங்கள் ஆட்களிடம் எனக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. விசாரணைக்கு முன் சாட்சியோடு கதைக்கக் கூடாது. தமிழர் இருவர் ஒரு நடைபாதையில் சந்தித்தால் முதல் கேள்வி, “ஊரில எவடம்?” என்பதுதான். கேட்காவிட்டால் கேட்காதவருக்குக் குறை, பதில் சொல்லாவிட்டால் சொல்லாதவருக்குக் குறை. பாவம், அந்தச் சனம் பயந்துபோய் வாங்கில் உட்கார்ந்திருக்கும். நான் தமிழ் முகத்தோடு வருவதைப் பார்த்ததும் எழும்பி, “அக்கா எவடம்?” என்பார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுத் தள்ளிப்போய் நிற்பேன். “உவவுக்குப் பெரிய எடுப்பு,” என்று என் காதுபட எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த விதிகளையெல்லாம் எங்களுக்குள் இறக்கியவர் எங்கள் மேலாளர் மடாம் ஜனெற். ஒன்ராறியோவின் வடக்கில் ஒரு சுரங்க ஊரில், பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்தவர். ஒல்லியான உருவம், கட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர், எப்போதும் மூடி கழற்றிய பேனா ஒன்று கையில். பாராட்டு அவருக்கு வராது. நன்றாகச் செய்தால் “ம்” என்பார். மிக நன்றாகச் செய்தால் அதுவும் இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் விசாரணை அறையின் பின்வரிசையில் வந்து உட்காருவார். பிழை விட்டால் அந்தப் பேனா கடதாசியில் உரசும் சத்தம் எனக்குக் கேட்கும். பிழைகள் கூடினால் அடுத்த மாத அட்டவணையில் எங்கள் பெயர் இருக்காது.

ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித்தான் பேசுவார். “கூட்டாதே. குறைக்காதே. தூஷணம் சொன்னால் தூஷணத்தையே சொல். கடவுளை இழுத்தால் கடவுளையும் இழுத்து வா.” ஒருதரம் நான் கேட்டேன், எங்கள் வழக்கம் ஒன்று அறைக்குத் தெரியாமல் இருந்து, அதனால் சாட்சிக்குப் பாதகம் வந்தால் என்ன செய்வது என்று. அவர் பேனாவைக் கீழே வைத்தார். “உனக்குத் தெரிந்தது சாட்சியம் அல்ல. சாட்சி சொல்வதுதான் சாட்சியம். அதனால் பதிலை நீ சொல்லாதே. சாட்சியிடம் கேள்வியைக் கேட்கும்படி அதிகாரியைக் கேள். அதையும் உன் தொழில்காலத்தில் ஒருதரமோ இருதரமோதான். நினைத்தபோதெல்லாம் கையைத் தூக்கினால் நீ மொழிபெயர்ப்பாளர் அல்ல, சாட்சியின் சொந்தக்காரி.”

தன் மனத்தை ஒரே ஒரு நாள்தான் அவர் திறந்து காட்டினார். கோப்பிக்கு வரிசையில் நின்றபோது நான், “உங்களுக்கென்ன, உங்கள் மொழி சட்டத்திலேயே இருக்கிறது,” என்று கொஞ்சம் பொறாமையாகச் சொல்லிவிட்டேன். “சட்டத்தில் இருக்கிறது,” என்றார். “ஆனால் என் அம்மா டொக்டர் சொன்னதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டிவிட்டு வந்து, அவர் என்ன சொன்னார் என்று எங்களைக் கேட்பார்.” பிறகு கோப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அவரிடம் எனக்கு இருந்த பயத்தில் பாதி குறைந்தது. மற்றப் பாதி கடைசிவரை இருந்தது.

இனி அந்த வழக்கைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். ஆனாலும் பெயரை மாற்றியிருக்கிறேன். பரமேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம்.

ஊரில் போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பரமேஸ்வரிக்கு நாற்பது வயதிருக்கும். கணவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. அவரைத் தேடிப்போன இடங்களிலெல்லாம் இவளுக்கும் மிரட்டல். கடைசியில் இரண்டு பெண்பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு எப்படியோ ரொறன்ரோ வந்து சேர்ந்து அகதிக் கோரிக்கை வைத்தாள். கோரிக்கையை ஏற்றால் பிள்ளைகளையும் கூப்பிடலாம். மறுத்தால் இவளைத் திருப்பி அனுப்புவார்கள். அதை முடிவு செய்யும் விசாரணை அது. கையில் வேறு அத்தாட்சி அதிகம் இல்லை. அவள் சொல்வதை நம்புவதா இல்லையா என்பதுதான் முழு வழக்கும்.

அறையில் ஐந்து பேர். முன்னால் விசாரணை அதிகாரி. வெள்ளைத் தலைமயிர், மூக்கு நுனியில் கண்ணாடி, கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பரமேஸ்வரிக்குப் பக்கத்தில் அவளுடைய லோயர், தமிழ் தெரியாத இளம் ஆள். மற்றப் பக்கம் நான். பின்வரிசையில், என் கெட்ட காலத்துக்கு, மடாம் ஜனெற்.

முதலில் நாங்கள் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்கிறோமா என்று பார்ப்பது நடைமுறை. “நான் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதோ?” என்று கேட்டேன். “ஓம், வடிவா விளங்குது,” என்றாள். பிறகு நான் சத்தியம் செய்தேன். அந்த அறையில் எல்லாச் சமயத்தாருக்கும் புத்தகம் வைத்திருப்பார்கள். இந்துக்களுக்குக் கீதை. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் பலவற்றில் கீதையைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள், இருந்தாலும் சாமி புத்தகம் சாமி புத்தகம்தான். நான் அதைத் தொட்டு, உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சொன்னேன். பிறகு புத்தகத்தைப் பரமேஸ்வரி முன்னால் நகர்த்தினேன்.

அவள் மேசையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள். எடுத்ததோடு நிற்காமல் கதிரையையும் பின்னால் தள்ளினாள்.

“நான் அதைத் தொடமாட்டன்,” என்றாள்.

நான் ஆங்கிலத்தில், “நான் அதைத் தொடமாட்டேன்,” என்றேன்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். லோயர் அவசரமாக, புத்தகம் வேண்டாமென்றால் பரவாயில்லை, கடவுளைக் குறிப்பிடாமல் உறுதிமொழி மட்டும் எடுக்கலாம் என்றார். சட்டப்படி இரண்டும் ஒன்று. அதை நான் தமிழில் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சாமியை விட்டிட்டுச் சொல்லுறதோ? அதுவும் மாட்டன்.”

அதையும் சொன்னேன். அதிகாரி எதையோ எழுதினார். இப்போது அவருடைய பக்கத்திலிருந்து பாருங்கள். உண்மை சொல்வேன் என்று புத்தகத்தில் கை வைக்கவும் மாட்டாள், புத்தகம் இல்லாமல் வாக்குக் கொடுக்கவும் மாட்டாள். அவளை எப்படி நம்புவது? “கோரிக்கையாளர் உண்மை சொல்வதாக உறுதியளிக்க மறுக்கிறார் என்று பதிவு செய்ய வேண்டியிருக்கும்,” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லோயர் வெளுத்துப்போய்ப் பரமேஸ்வரியைப் பார்த்தார். அவளோ யாரையும் பார்க்கவில்லை.

தம்பி, இந்த இடத்தில் உன்னுடைய ஃபோனை அந்த மேசையில் வைத்துப் பார். அது என்ன செய்திருக்கும்? நான் செய்ததைத்தான் செய்திருக்கும். நான் ஒரு சொல்லும் பிழையாகச் சொல்லவில்லை. அவளும் பிழையாகச் சொல்லவில்லை, அதிகாரியும் சட்டத்தில் இல்லாததைக் கேட்கவில்லை. எல்லாம் சரியாக மொழிபெயர்க்கப்பட்டு ஒரு பெண்ணின் வாழ்க்கை என் கண்முன்னால் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு விளங்கியது. எந்தத் தமிழருக்கும் விளங்கியிருக்கும். வெறுப்பில் ஒதுங்குகிறவர்கள் கதிரையைப் பின்னால் தள்ளமாட்டார்கள். தன் மூச்சுக்கூடப் படக்கூடாது என்று நினைக்கிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். அவளுக்கு ஏதோ துடக்கு, அதாவது தீட்டு. வீட்டில் ஒரு சாவு நடந்தால் முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை கோயிலுக்குப் போகமாட்டோம், சாமி சாமான் தொடமாட்டோம். ஆனால் சாவுத் துடக்கா, மாதத் துடக்கா? ரொறன்ரோவில் எங்கள் பெண்கள் பலர் இரண்டையும் இன்றைக்கும் பார்ப்பவர்கள்தான். நான் முந்திரிக்கொட்டையாக ஒன்றைச் சொல்லி, அது மற்றதாக இருந்துவிட்டால், அந்த இரண்டு ஆண்களுக்கு முன்னால் அவள் மானம் போய்விடும். அதோடு, மொழிபெயர்ப்பாளர் சாட்சிக்காகக் கதை சொன்னார் என்று விசாரணையே பழுதாகிவிடும். மடாமின் விதி ஏன் அப்படி இருந்தது என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

பின்வரிசையில் பேனா உரசியது. எனக்கும் வீட்டு வாடகை இருந்தது, படிக்கிற பிள்ளை இருந்தது. இருந்தாலும் கையைத் தூக்கினேன்.

“மொழிபெயர்ப்பாளர் ஒரு விஷயம் சொல்ல அனுமதி கேட்கிறார்,” என்றேன். எங்களைப் பற்றி நாங்களே பேசும்போது மட்டும் அப்படி மூன்றாம் ஆளாகச் சொல்லவேண்டும்.

அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும், “சொல்லுங்கள்,” என்றார்.

“மறுப்பதற்குக் காரணம் என்ன என்று சாட்சியிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் மொழிபெயர்க்கத் தயாராக இருக்கிறேன்.”

அவ்வளவுதான். என் தொழில்காலம் முழுவதிலும் அந்த அறைகளில் நானாகப் பேசியது அது ஒன்றுதான். அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு மடாமைப் பார்த்தார். மடாம் எதையும் காட்டவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பரமேஸ்வரியின் பக்கம் திரும்பிக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

“ஏன் நீங்கள் தொடமாட்டீர்கள்?”

அவள் நிமிர்ந்தாள். யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவள்போல உடனே சொன்னாள்.

“எங்கட வீட்டில துடக்கு. மாமி மோசம் போயிட்டா, போன கிழமை. முப்பத்தொண்டு இன்னும் கழியேல்லை. என்ர ரெண்டு பெட்டையளும் அவவோடதான் இருந்தவை. இப்ப பக்கத்து வீட்டில நிக்கினம். நான் இந்தக் கையால சாமி புத்தகத்தைத் தொட்டால் பாவம் அதுகளுக்குத்தான் போய்ச் சேரும்.”

நான் ஆங்கிலத்தில், “எங்கள் வீட்டில் துடக்கு. என் மாமியார் போன வாரம் இறந்துவிட்டார்,” என்று தொடங்கி, துடக்கு என்ற சொல்லைத் தமிழிலேயே சொல்லி, அதற்கு என்ன பொருள் என்று சாட்சியிடமே கேட்கும்படி விட்டேன். அதிகாரி கேட்டார். அவள் விளக்கினாள், ஒரு குழந்தைக்கு விளக்குவதைப்போலப் பொறுமையாக.

“ஏன் உங்கள் வழக்கறிஞரிடம் இதைச் சொல்லவில்லை?” என்று அதிகாரி கேட்டார்.

“சொன்னால் விசாரணை டேற்றைத் தள்ளிப்போடுவினம் எண்டு பயம். இந்த டேற்றுக்கு எத்தினை காலம் பாத்திருந்தனான். அங்க பிள்ளையள் தனிய.”

“அப்படியென்றால் கடவுளைக் குறிப்பிடாத உறுதிமொழியை எடுத்திருக்கலாமே?”

“ஐயா, பொய் சொல்ல வாறவன்தான் சாமி வேண்டாம் எண்டு சொல்லுவான். நான் பொய் சொல்ல வரேல்லை.”

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. தடுமாறக் கூடாதுதான்.

அதிகாரி எழுதிவைத்திருந்ததைக் கோடிட்டு வெட்டினார். பிறகு தானே எழும்பி வந்து கீதையை எடுத்துக்கொண்டு போய் அலுமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். உறுதிமொழியைச் சட்டம் சத்தியத்துக்குச் சமமாகவே மதிக்கிறது, நானும் அப்படியே மதிப்பேன், அதற்காக உங்களைக் குறைவாக நினைக்கமாட்டேன் என்றார். நான் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னாள். முடிந்தது என்று நினைத்தபோது மெல்லிய குரலில், “என்ர ரெண்டு பிள்ளையளாணை,” என்றாள். அது உறுதிமொழியில் இல்லாத வரி. ஆனால் சாட்சி சொல்லிவிட்டாள். நானும் ஆங்கிலத்தில், “என் இரண்டு பிள்ளைகள் மேல் ஆணை,” என்றேன். அதிகாரி அதை நீக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கேள்விபதிலைச் சொல்லமாட்டேன். அது அவளுடையது. மத்தியானம் இடைவேளை விட்டார்கள். முடிவைத் திரும்பி வந்து அன்றைக்கே சொல்லப்போவதாக அதிகாரி சொன்னார்.

அந்த இடைவேளையில் நடைபாதையின் ஒரு மூலையில் அவள், மறு மூலையில் நான். எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. தம்பி, நீ கேள்விப்பட்டதுதான், கண்ணால் கண்டதில்லை, நீ அப்போது பிறக்கவில்லை. அப்பா யாழ்ப்பாணம் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். ஆங்கிலத்தில் கடிதம் எழுத அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். சிங்களம் மட்டும்தான் அரசகரும மொழி என்று சட்டம் வந்தது. சிங்களம் சோதனை பாஸ் பண்ணினால்தான் சம்பள உயர்வு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார்கள். அப்பாவுக்கு முடியாமல் இல்லை, மனம் வரவில்லை. வயது வருமுன்பே பென்சன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் அரிச்சுவடி படித்த வயது. காலையில் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, போக இடமில்லாமல் ஆங்கிலப் பேப்பரைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்துக்கொண்டிருப்பார். அவர் வாசித்து முடித்த பேப்பர்கள்தான் என்னுடைய ஆங்கிலம். அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. தீரவும் வேண்டாம்.

உன் பேச்சில் பாதி சரி. ஒரு நாட்டுக்கு அரசகரும மொழி ஒன்றோ இரண்டோ வேண்டும்தான். எல்லா மொழியிலும் ஒரு நாட்டை நடத்த ஏலாது. இங்கே வருகிறவர்கள் ஆங்கிலம் படிக்கவேண்டும். வகுப்புக்குப் போகாமல் வீட்டில் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களை உன்னைவிட நான் கூடத் திட்டியிருக்கிறேன். எல்லாரும் படித்து என் வேலை இல்லாமல் போயிருந்தால் சந்தோஷமாகப் போய்ப் பெட்டி மடித்திருப்பேன். ஆனால் ஆங்கிலம் படிக்க வருடம் எடுக்கும். படித்தாலும் உயிர் போகிற விஷயத்தைச் சொல்லும்போது வாய் தாய்மொழிக்குத்தான் ஓடும். பரமேஸ்வரிக்கு விசாரணை அன்றைக்குத்தான் இருந்தது. இந்த நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? விசாரணை நடக்கிற மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளரைப் பெற உரிமை உண்டு என்கிறது. சலுகை அல்ல, உரிமை. நீ கட்டுகிற வரியில் எது வீண் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது வீண் இல்லை. அப்பாவை வீட்டுக்கு அனுப்பின நாடும் அரசகரும மொழி வைத்திருந்தது, இந்த நாடும் வைத்திருக்கிறது. அங்கே அதைக் கொண்டு வாசலைச் சாத்தினார்கள். இங்கே வாசலில் என்னை நிற்பாட்டினார்கள். அந்த வாசலில் நின்றதில் எனக்குப் பெருமை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இடைவேளை முடிகிற நேரம் மடாம் ஜனெற் என்னிடம் வந்தார். அடுத்த மாதம் வேலை இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“அடுத்த தடவை,” என்றார், “கையைக் கொஞ்சம் முன்னமே தூக்கு.”

பேனாவின் மூடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். “ம்” சொல்லவில்லை.

அறைக்குத் திரும்பினோம். அதிகாரி முடிவைச் சொல்லத் தொடங்கினார். எங்கள் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. சாட்சி பேசும்போது நான் சாட்சி, அதிகாரி பேசும்போது நான் அதிகாரி. அவருடைய ‘நான்’ தமிழில் என் வாயால்தான் வெளியே வரவேண்டும். அவர் சட்டப் பிரிவுகளைச் சொன்னார், நான் சொன்னேன். கணவரைப் பற்றிச் சொன்னார், நான் சொன்னேன். பரமேஸ்வரி கைகளை மடியில் கோத்துக்கொண்டு என் வாயையே பார்த்தபடி இருந்தாள். அதிகாரியைப் பார்க்கவேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அவளால் முடியவில்லை.

அதிகாரி கடைசி வரிக்கு வந்து ஒரு வசனம் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

“நீங்கள் சொன்னதை நான் நம்புறன். உங்கட கோரிக்கையை நான் ஏற்றுக்கொள்ளுறன்.”

எத்தனையோ பேருக்காக எத்தனையோ ‘நான்’ சொல்லியிருக்கிறேன், தம்பி. குடிகாரனாக, கள்ளனாக, பெண்சாதியை அடித்தவனாக. அந்த ஒரு ‘நான்’ மட்டும் சும்மா வாயளவில் வரவில்லை. ஒரு அரசாங்கம் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்து, உன்னை நம்புகிறேன் என்று தமிழில் சொன்னது. நான் பிறந்த நாட்டு அரசாங்கம் அதை எந்த மொழியிலும் எங்களுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

பரமேஸ்வரி எழும்பினாள். அழுதுகொண்டே, என்னை நேரே பார்த்து, இரண்டு கையையும் கூப்பினாள்.

“நன்றி அக்கா.”

விதி விதிதான். அறையில் சாட்சி பேசுவதெல்லாம் அதிகாரிக்குப் போய்ச் சேரவேண்டும். பின்வரிசையில் மடாம் இருந்தார். நான் நிமிர்ந்து, அந்த வெள்ளைத் தலைமயிர்க்கார மனிதரின் முகத்தைப் பார்த்து, ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், ஆங்கிலத்தில் சொன்னேன்.

“நன்றி, அக்கா.”

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு கதிரையிலிருந்து எழும்பி நின்று, அவளுக்குக் கை கூப்பினார்.